வாடகை வண்டி: எவை அடக்கம், எவை புறம்பு?

சென்ற கோடை விடுமுறையில் நமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், நெடுங்காலமாக அயல்நாட்டில் தொழில் புரிபவர், நம்மைக் காண வந்திருந்தார். தம் குடும்பத்தாருடன் அந்நாட்டில் ஒரு மோட்டார் வீட்டை வாடகைக்கு அமர்த்தி ஒரு வாரம் பிரயாணம் செய்த வரலாற்றை வெகு சுவைபட எடுத்துரைத்தார். மோட்டார் வீடு என்பது, அறியாதார் பொருட்டுச் சொல்லுமிடத்து, படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட பெருவண்டியாகும். நம் நாட்டில் இதனைக் கேரவன் என வழங்குகின்றனர். கேரள அரசினர் 2021ஆம் ஆண்டில் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டனர்; அவை தங்குதற்குரிய பூங்கா ஒன்று 2022இல் வாகமண்ணில் தொடங்கப்பெற்றது.

நண்பர் காட்டிய படங்களினும் அவர் காட்டிய ஒப்பந்தத் தாளே நம் கருத்தை மிகுதியும் ஈர்த்தது. நாள் வாடகை இவ்வளவு. அதனுள் நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் அடக்கம். மிகுதிப்படும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு. விரிப்பும் தலையணையும் வேண்டின் ஆளுக்கு இவ்வளவு. சமையற் பாத்திரங்கள் தனி. சமையல் வாயு ஓர் உருளை மட்டும் அடக்கம். எண்ணெய் நிரம்பிய வண்டியைப் பெற்றவர் நிரப்பியே திருப்புதல் வேண்டும். கழிவுத் தொட்டியை வெறுமையாக்காது திருப்பின் அதற்கொரு கட்டணம். வண்டி எங்கேனும் உராய்வுற்றால் இன்ஷூரன்ஸ் ஏற்பது எவ்வளவு, அமர்த்தினவர் தம் கையினின்று இறுப்பது எவ்வளவு. அதற்கீடாக முன்னரே கட்டும் தொகை எவ்வளவு, அது எந்நாளில் மீளும். இங்ஙனம் நான்கு பக்கங்கள்! உடனிருந்த ஆசிரியர் ஒருவர், "தலையணைக்கும் காசு கேட்கும் தேசமோ?" என்று நகைத்தார். நமக்கோ நகைப்பு வரவில்லை. அதற்கு முந்திய மார்கழியில் நாம் ஒரு வேனை அமர்த்திப் புதுக்கோட்டை ஜில்லாவைச் சுற்றி வந்த கதை நம் நெஞ்சை விட்டு அகலாதிருந்தமையே காரணம்.

அப்பிரயாணத்திற்குச் சரித்திர வகுப்பு மாணவர் 16 பேரும் ஆசிரியர் இருவரும் புறப்பட்டோம். முதல் நாள் நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சுரத்தையும், சித்தன்னவாசலில் சமணர் குகை ஓவியங்களையும், குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டையும் கண்டு, இரவு புதுக்கோட்டையில் தங்குவது; மறுநாள் திருமயம் கோட்டையையும் ஆவுடையார்கோயிலின் கற்கொடுங்கைகளையும் கண்டு திரும்புவது. வண்டி பேசிய தரகர் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "கிலோமீட்டருக்கு 22 ரூபாய் ஐயா, எல்லாம் அடக்கம்." நாம் படத்தை விரித்து வழியை அளந்தோம். சுமார் 270 கிலோமீட்டர். பெருக்கினால் 5,940 ரூபாய். 6,000 என வைத்து மாணவரிடம் ஆளுக்கு 375 ரூபாய் வாங்கினோம். கணக்கு இவ்வளவு நேராக வந்தது கண்டு பெருமிதமும் கொண்டோம்.

கண்ட காட்சிகளைப் பற்றி நம் மாணவர் ஒருவர் வேறு கட்டுரை வரைந்துள்ளாராகலின், அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. திரும்பி வந்த இரவு, கல்லூரி வாயிலில், ஓட்டுநர் தம் முதலாளி அனுப்பிய கணக்கை நம்மிடம் நீட்டினார். நாளொன்றுக்குக் குறைந்த அளவு 250 கிலோமீட்டர் என்பது வழக்கமாம். ஆகவே இரு நாட்களுக்கு 500 கிலோமீட்டர், 11,000 ரூபாய். ஓட்டுநர் பேட்டா நாளொன்றுக்கு 600 வீதம் 1,200. சுங்கச்சாவடிகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் கொடுத்தது 640. ஆக 12,840 ரூபாய். நம் கையில் இருந்ததோ 6,000. தரகரைத் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் அடக்கம் என்றீரே?" என வினவினோம். "டீசலும் டிரைவர் சம்பளமும் வண்டி வரியும் அடக்கம் ஐயா, அதைத்தானே எல்லாம் என்பது" என்று மிக்க பணிவுடன் விடையிறுத்தார்.

குறைந்த 6,840 ரூபாயில் ஆசிரியர் இருவரும் 3,000 ஏற்றனர். எஞ்சியதை மாணவர் ஆளுக்கு 240 வீதம் அவ்விருளிலேயே எடுத்துத் தந்தனர். சிலர் நகைத்துக் கொண்டே தந்தனர். சிலர் தோழரிடம் கடன் பெற்றுத் தந்தனர். ஒருவர் யாதும் பேசாது தந்தார். அவர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லும் பொருட்டு வைத்திருந்த பஸ் கட்டணம் அது என்பதும், விடுதியினர் யாவரும் புறப்பட்ட பின்னும் அவர் நான்கு நாள் தனியே அங்குத் தங்கி, தந்தையார் பணம் அனுப்பிய பின்னரே ஊர் சென்றார் என்பதும் ஜனவரி மாதத்தில்தான் நமக்குத் தெரிய வந்தன. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே என்றோம். கேட்கக் கூசும் பிள்ளையை அவ்விடத்தில் நிறுத்தியவர் நாமே அன்றோ?

தரகரைப் பழிப்பது எளிது, ஆயினும் நீதியன்று. நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் வழக்கு, அவர் ஒருவர் கட்டிய சூழ்ச்சியுமன்று. வண்டி ஓடினும் ஓடாவிடினும் கடன் தவணையும் வரியும் பெர்மிட்டும் இன்ஷூரன்சும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம்மோடு சித்தன்னவாசல் மலையடியில் மூன்று மணி நேரம் நிற்கும் வண்டி அந்நேரத்தில் வேறொருவருக்கு ஓடியிருக்கக் கூடும். இதற்கு விலை வேண்டுமென உடையவர் கருதுவது முறையே. நம் பிழை யாதெனின், நமது பிரயாணம் எத்தன்மையது என்று எண்ணாமல் விலை பேசியது. புதுக்கோட்டை ஜில்லாவின் சிறப்பு அதன் பழஞ்சின்னங்கள் ஒன்றற்கொன்று அணித்தாக இருத்தலேயாகும். நகரிலிருந்து சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் குடுமியான்மலையும் திருமயமும் ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு உட்பட்டவை. இங்கே வண்டி ஓடுவது சிறிது, நிற்பதே பெரிது. இத்தகைய பிரயாணத்திற்குக் கிலோமீட்டர்க் கணக்கில் வண்டி அமர்த்துவோர், ஓடாத தூரத்திற்குக் கூலி கொடுப்பவராவர். நாள் வாடகை ஒரு தொகை, டீசல் நம்முடையது என்று பேசுவதும் வண்டிக்காரரிடையே உள்ள வழக்கே. அம்முறையில் பேசியிருப்பின் நமக்குப் பெரிதும் மிஞ்சியிருக்கும். கன்னியாகுமரிக்கோ உதகைக்கோ செல்வோருக்குக் கிலோமீட்டர்க் கணக்கே நேரியது. மலைப்பாதைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இன்னும் சில உள. கிலோமீட்டர் எண்ணத் தொடங்குவது கல்லூரி வாயிலிலிருந்தா, வண்டியின் கொட்டகையிலிருந்தா? பெரும்பாலும் கொட்டகையிலிருந்து கொட்டகை வரை எண்ணுகின்றனர். கொட்டகை தொலைவாயின் அதுவும் நம் தலையில் விழும். நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையா? இரவு 10 மணிக்குப் புறப்படுவோருக்கு இவ்வினாவின் விடை ஒரு முழுநாள் வாடகையாகும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில், 24 மணி நேரத்திற்குள் திரும்புவோர் இருமுறைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு கொடுத்தால் போதும் என்பது 2008ஆம் ஆண்டு விதி. இரவு தங்கித் தாமதமாகத் திரும்பின் அச்சலுகை கழியும். சரக்கு சேவை வரி விலையில் சேர்ந்ததா, மேலே ஏறுவதா? தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டுகள் எந்த வாடகையிலும் சேரா.

குறைந்த வாடகை என்று சொந்தப் பயன்பாட்டு வண்டியை, அதாவது வெள்ளைப் பலகையில் கறுப்பெழுத்து உடையதை, அமர்த்துவோரும் உளர். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சட் பலகையும் பெர்மிட்டும் வேண்டும். சொந்த வண்டிக்கென எடுத்த இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்தில் நேரும் இழப்பை ஏற்பதில்லை. மாணவரை ஏற்றிச் செல்வோர் இதில் சிக்கனம் பார்த்தல் ஒருபோதும் தகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், முழு வண்டியையும் பேசி அமர்த்தும் இவ்வகையை ஒப்பந்த ஊர்தி எனப் பெயரிட்டே வழங்குகின்றது. பெயரிலேயே ஒப்பந்தம் இருக்க, நாமோ அதைத் தொலைபேசியில் அரை நிமிடத்தில் முடித்துவிடுகின்றோம்.

இதுவரை சொன்னவை பணத்தைப் பற்றியன. பணத்தினும் பெரிய ஒன்று அவ்விரவு தவறிப்போக இருந்தது.

நம் ஓட்டுநர் நாற்பது வயதினர். மாணவர் அவரை "அண்ணே" என்றே அழைத்தனர். அவரும் அவர்களுக்கு இளநீர்க் கடைகளையும் நல்ல சாப்பாட்டு விடுதிகளையும் காட்டி உடன்பிறந்தார் போலப் பழகினார். புதுக்கோட்டையில் நாம் தங்கிய விடுதியில் மாணவருக்கு நான்கு அறைகள், ஆசிரியருக்கு ஓர் அறை. அவருக்கு? நாம் வினவவில்லை. அவர் வண்டியிலேயே படுத்தார். கதவை மூடினால் புழுக்கம், திறந்தால் கொசு. நமக்கு முன் வேறொரு கூட்டத்தாரை ஏற்றிச் சென்று விடியற்காலையில்தான் திரும்பியிருந்தார் என்பதும் பின்னரே அறிந்தோம். மறுநாள் ஆவுடையார்கோயிலிலிருந்து மீளும் வழியில், இரவு 9 மணி அளவில், மாணவர் பெரும்பாலார் உறங்கிவிட, வண்டியின் இடப்பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையை விட்டுச் சரளையில் இறங்கிச் சிறிது தூரம் ஓடின. எதிரே வண்டியில்லை, பாலமில்லை, மரமில்லை. அவரே விழித்து, வண்டியை நிறுத்தி, இறங்கி முகம் கழுவிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். அதன் பின் ஆசிரியர் ஒருவர் அவர் அருகே அமர்ந்து, ஊர் வந்து சேருமட்டும் ஏதேனும் பேசிக்கொண்டே வந்தார்.

"பேட்டா கொடுத்தோமே, அதில் அறை எடுத்திருக்கலாமே" என்று கேட்பார் உண்டு. நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் 600 ரூபாயைக் கையில் பெறும் குடும்பஸ்தர், அதில் ஒரு பகுதியைக் கொடுத்து உறங்குவாரா, வண்டியில் படுத்து அதனை வீட்டுக்குக் கொண்டு செல்வாரா? நம்முள் எவராயினும் இரண்டாவதையே செய்வோம். ஆகவே உறக்கத்தைக் காசாகக் கொடுத்தல் ஆகாது. படுக்கையாகவே கொடுத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. இது தருமமும் அன்று, உபசாரமும் அன்று. பதினெட்டு உயிர்களை ஏற்றிச் செல்லும் கண்கள் இரண்டு. அவை மூடித் திறந்தனவா என்பது வாடகைக்குள் அடங்கிய பொருளே. மோட்டார்த் தொழிலாளரின் வேலை நாள் எட்டு மணி நேரம் என 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வரையறுத்தது. அவ்வெட்டு மணியை எண்ணுவார் எவர்? வண்டியில் அமர்ந்திருக்கும் நாமே எண்ணல் வேண்டும்.

பழங்காலத்தில் மாட்டு வண்டி பேசியோர் இவ்விஷயத்தில் நம்மினும் தெளிந்தவர்கள் எனத் தோன்றுகின்றது. கூலியோடு வண்டிக்காரர் சாப்பாடும் மாட்டுக்குத் தீனியும் பேசுவர். மாடு களைத்த இடத்தில் வண்டியை அவிழ்த்துவிடுவர். சாலையோரச் சத்திரங்கள் அதற்கென்றே இருந்தன. களைத்த மாட்டை ஓட்டுதல் இயலாதாகலின் எவரும் வற்புறுத்தியதில்லை. களைத்த மனிதரோ ஓட்டிவிடுவார்.

மோட்டார் வீட்டின் ஒப்பந்தத் தாளிலும் ஒன்றை நண்பரிடம் வினவினோம். அவ்வண்டியில் படுக்கைகள் ஆறு, ஓட்டியவர் நண்பரே, ஆகவே அவருக்கும் ஒரு படுக்கை எண்ணப்பட்டிருந்தது. நம் நாட்டிலோ இவ்வண்டிகள் பெரும்பாலும் ஓட்டுநரோடு வருவன. கேரவன் நம் பக்கத்துச் சாலைகளிலும் மிகுமாயின், அதை அமர்த்துவோர் முதலிற் கேட்க வேண்டுவது அடுப்பும் குளிர்பெட்டியும் அடக்கமா என்பதன்று. ஓட்டுநர் எங்கே படுப்பார் என்பதேயாகும்.

வருகின்ற தை மாதத்தில் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கும் விராலிமலைக்கும் இரு நாட் பிரயாணம் ஏற்பாடாகியுள்ளது. இம்முறை ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி அதே தரகரிடம் கொடுத்தோம். முதல் வரி ஓட்டுநரின் படுக்கையைப் பற்றியது. அதன் செலவு 480 ரூபாய், பதினாறு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 30. இரண்டாவது, இரவு 8 மணிக்கு மேல் வண்டி ஓடலாகாது என்பது. பின்னரே வாடகை, டீசல், சுங்கம், பேட்டா. தரகர் தாளை இருமுறை வாசித்தார். "கல்லூரி வாயில்" என்று நாம் எழுதியிருந்ததை அடித்து "எங்கள் கொட்டகை" என்று திருத்தினார். வாடகையில் ஒரு ரூபாயும் குறைக்காமல் கையொப்பமிட்டார். அத்தாளின் பிரதி நூலக வாயிற் பலகையில் ஒட்டப்பெற்றுள்ளது. மாணவர் கொடுக்க வேண்டிய தொகையும், அதற்கு மேல் ஒரு காசும் கேட்கப்படமாட்டாது என்னும் உறுதியும் அதன் அடியில் ஆசிரியர் இருவர் கையொப்பத்துடன் உள்ளன. விடுபட்ட வரி ஏதேனும் இருப்பதாகக் காணும் அன்பர்கள், பழைய மாணவர் உட்பட, பென்சிலால் அதில் எழுதிச் செல்லலாம்.