பூட்டிய வீடுகளையும் எண்ணுங்கள்

வரும் 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கையில், தருமபுரி மாவட்டத்தின் இடம்பெயர்வையும் குழந்தைப்பேற்றையும் வட்டவாரியாகப் பதிவுசெய்து தாமதமின்றி வெளியிட வேண்டும். தமிழகத்தின் கருவள விகிதம் 2020-இல் 1.4, மக்கள்தொகை நிலைபெறத் தேவையானதோ 2.1. பிறப்பு குறைந்த மாநிலத்தில் ஊர்கள் காலியாவதற்கு இடம்பெயர்வே முதற்காரணமாகும் என்பதைக் கவனிப்போர் குறைவு. பென்னாகரம், அரூர் பக்கம் இளம் தம்பதியர் பெங்களூரு கட்டுமானப் பணிக்கும் திருப்பூர் பனியன் ஆலைகளுக்கும் போய்விட, ரேஷன் அட்டையும் பேரப்பிள்ளைகளும் பாட்டியிடம் இருக்கின்றன. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளியூரில் இருப்பவர் அங்கேதான் எண்ணப்பட வேண்டும் என்பது விதி. கட்டுமானத் தகரக் கொட்டகைக்குக் கணக்கெடுப்பாளர் போகாவிட்டால் அங்கிருக்கும் தொழிலாளி எங்குமே இல்லாதவராகிவிடுவார். இன்னொன்றும் உறுத்துகிறது. ஆண்கள் பெருமளவில் வெளியேறும் மாவட்டத்தில் பெண்களின் விகிதம் உயர்ந்து தெரிவதே இயல்பு. ஆனால் 2011-இல் இங்கே ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்களே இருந்தனர், மாநில அளவில் 996. பெண் சிசுக்கொலையின் பழைய வடு இன்னும் ஆறவில்லை. இருதய ராஜன் போன்ற மக்கள்தொகை ஆய்வாளர்கள் கேரளத்தில் 1998 முதல் நடத்திவரும் இடம்பெயர்வு ஆய்வைப் போல, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொருமுறை தமிழக அரசும் நடத்த வேண்டும்; 2015-இல் ஒருமுறை நடத்தியது போதாது. பிள்ளைகள் குறைவு என்று பள்ளிகளை மூடுவது, அங்கன்வாடிகளை இணைப்பது போன்ற முடிவுகளை இந்தக் கணக்கெடுப்பு விவரங்கள் வெளியாகும்வரை தருமபுரியில் நிறுத்திவைக்க வேண்டும்.