பிடி நழுவினால்...

மாலை நேர ஜிம்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. இளைஞர் ஒருவர் 140 கிலோ பாரை முழங்கால் வரை தூக்கிவிடுகிறார். முதுகு நேராக இருக்கிறது. கால்களில் இன்னும் வலு மிச்சமிருக்கிறது. ஆனால் விரல்கள் விரிந்துவிட, பார் தடாலென்று தரையில் விழுகிறது. டெட்லிஃப்டில் பலரை முதலில் கைவிடுவது அவர்களது கைகள்தான்.

பார் உருண்டையானது, சுழலக்கூடியது. இரண்டு உள்ளங்கைகளும் உடம்பைப் பார்த்தபடி பிடிப்பதுதான் எல்லோரும் முதலில் கற்கும் பிடி. எடை ஏற ஏற, இதில் பார் விரல் நுனிகளை நோக்கி உருள ஆரம்பிக்கிறது. தடுத்து நிறுத்தக் கட்டைவிரல்கள் மட்டும் போதுவதில்லை.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு கையை மட்டும் திருப்பி, உள்ளங்கை முன்னால் தெரியும்படி பிடிப்பது. ஒரு கையிலிருந்து நழுவ முயலும் பாரை மறு கை தடுத்துவிடும். பலன் அன்றைக்கே தெரியும். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. திருப்பிய கையின் பைசெப்ஸ் தசை இழுபட்ட நிலையில் இருக்கிறது. முழங்கையைச் சற்று மடக்கி, வெடுக்கென்று இழுத்தால் தசைநாண் அறுந்துபோகலாம். அப்புறம் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். பல மாத ஓய்வுதான். எனவே இந்தப் பிடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கையைக் கயிறு போல நேராகத் தொங்கவிட வேண்டும். பயிற்சியில் எப்போதும் ஒரே கையைத் திருப்பாமல் மாற்றி மாற்றிப் பிடிப்பதும் நல்லது.

ஒலிம்பிக் பளுதூக்குபவர்களின் வழி வேறு. கட்டைவிரலை முதலில் பாரைச் சுற்றி வைத்து, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிப் பூட்டுகிறார்கள். 'ஹுக் கிரிப்' என்று பெயர். 2021இல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவின் விளையாட்டில் இதுதான் வழக்கமான பிடி. இரண்டு கைகளும் ஒரே பக்கம் பார்ப்பதால் பைசெப்ஸுக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஆரம்ப வாரங்களில் கட்டைவிரல் வலி உயிரை எடுக்கும். சிறிய கைகளுக்குச் சிரமமும் அதிகம். பெண்களுக்கான ஒலிம்பிக் பார் 25 மில்லிமீட்டர், ஆண்களுடையது 28. இந்த 3 மில்லிமீட்டர் வித்தியாசம் விரல்களுக்குப் பெரிது.

மணிக்கட்டில் மாட்டி பாரைச் சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப்பை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. 2016இல் லீட்ஸ் நகரில் பிரிட்டனின் எடி ஹால் 500 கிலோவைத் தூக்கியது ஸ்ட்ராப் கட்டித்தான். அந்தப் போட்டியில் அதற்கு அனுமதி இருந்தது. சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் போட்டிகளில் அனுமதி இல்லை. அங்கே மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் பூசிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆக, எதற்காகத் தூக்குகிறோம் என்பதைப் பொறுத்தது பிடி. மேடை ஏறும் எண்ணம் இருப்பவர்கள் ஹுக் கிரிப்பைக் குறைந்த எடையிலேயே பழகத் தொடங்கலாம். முதுகையும் கால்களையும் பலப்படுத்த மட்டுமே வருபவர்கள், தாங்கும்வரை சாதாரணப் பிடியில் தூக்கிவிட்டு, கடைசிச் சில செட்களுக்கு ஸ்ட்ராப் கட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நழுவிய பாரை அடுத்த வாரம் மறுபடி தூக்கலாம். அறுந்த தசைநாண் அத்தனை சீக்கிரம் திரும்பி வராது.