கேயாசி கேட்ட ஒரு தாலந்து

சண்டே ஸ்கூல் போனவங்களுக்கு கேயாசியைத் தெரியாம இருக்காது. பொய் சொன்னான், குஷ்டம் வந்தது, அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. போன வாரம் இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடி படிச்சப்போ, விஷயம் அவ்வளவு லேசு இல்லைன்னு தோணிச்சு.

தெரியாதவங்களுக்குக் கதைச் சுருக்கம். நாகமான் சீரியா நாட்டுப் படைத்தலைவன், குஷ்டரோகி. எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி யோர்தான்ல ஏழு தரம் முங்கினதும் சரியாயிடுது. பத்து தாலந்து வெள்ளி, பொன், துணிமணின்னு கொண்டு வந்ததையெல்லாம் எலிசாவுக்குக் குடுக்கப் பார்க்கிறான். ஒரு தாலந்துன்னா சுமாரா 34 கிலோ, கணக்குப் போட்டுக்குங்க. கடவுள் மேல ஆணையிட்டு எலிசா மறுத்துடறார். வேலைக்காரன் கேயாசி, அதே கடவுள் மேல ஆணையிட்டு, பின்னாடியே ஓடறான். ஆணை ஒண்ணுதான், ஒருத்தர் வாங்க மாட்டேங்கறதுக்கு, இன்னொருத்தன் வாங்கியே தீருவேங்கறதுக்கு!

கேயாசி பக்கமும் நியாயம் இருக்கற மாதிரிதான் தெரியும். நாகமான் எதிரி நாட்டுக்காரன். அவன் வீட்டுல வேலை செஞ்ச சின்னப் பொண்ணே இஸ்ரவேல்லேர்ந்து பிடிச்சுட்டுப் போனவதான். 'இந்த சீரியன்'கிட்ட கொஞ்சம் வாங்கினா என்ன தப்பு? எலிசாவுக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. கேட்டது ஒரு தாலந்து, நாகமானே வற்புறுத்தி ரெண்டாக் குடுத்தான்.

அப்ப தப்பு எங்கே? "என் எஜமான் அனுப்பினார்"ங்கறதுலதான். எலிசா வாசலுக்கு வந்து பார்க்கலைன்னு முதல்ல கோவிச்சுக்கிட்டுப் போன அதே நாகமான், இப்ப ஒரு வேலைக்காரனைப் பார்த்து ரதத்தை விட்டு இறங்கறான். அந்த மரியாதை கேயாசிக்கு இல்லை, காசை வேண்டாம்னு சொன்ன மனுஷனுக்கு. கேயாசி அதைத்தான் வித்துட்டான். அவனைப் பொறுத்தவரை பணம் வாங்காத தீர்க்கதரிசி கடைசில ஆள் அனுப்பி வாங்கிட்டார். அது பொய்னு அவனுக்குத் தெரிஞ்சதா கதையில எங்கேயும் இல்லை.

இதை ரொம்ப யோசிச்சதுக்குக் காரணம் இருக்கு. 2003-ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வேலை பார்த்தேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோட மானிட்டரை நாங்க சரி பண்ணிக் குடுத்தும் பத்து நாள்ல திரும்பப் போயிடுச்சு. ஓனர், "நம்ம தப்புதான், காசு வாங்காதே"ன்னு சொல்லி என்னை அனுப்பினார். மாட்டிக் குடுத்தேன். "எவ்வளவுப்பா?"ன்னு வாத்தியார் கேட்டதும், "சார் பெட்ரோலுக்கு மட்டும் முந்நூறு வாங்கிக்கச் சொன்னார்"னு வாயில வந்துடுச்சு. அப்ப சம்பளம் ரொம்பக் கம்மி, இதெல்லாம் எல்லாரும் வாங்கறதுதானேன்னு ஒரு சமாதானம் வேற. அவர் ஐந்நூறாக் குடுத்து, "உங்க சார் தங்கமான மனுஷன்"னார்.

கடைக்கு வந்ததும் ஓனர், "ஏதாவது குடுத்தாராப்பா?"ன்னு கேட்டார். "இல்ல சார்." யோசிக்கவே இல்லை. கேயாசியும் எலிசா கேட்டப்போ, எங்கேயும் போகலைன்னுதான் சொல்றான்.

அந்தத் தண்டனை அவன் சந்ததிக்கும்னு வர்றது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகலை. பிள்ளைங்க என்ன பண்ணினாங்க? இதுக்கு பாஸ்டர் சொன்ன விளக்கமும் ஒத்து வரலை. போகட்டும்.

வாத்தியார் இப்ப இல்லை. ஓனர் கடையை மூடிட்டு ஊர்லதான் இருக்கார். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கேக்கோட அவர் வீட்டுக்குப் போவேன். சொல்லிடணும்னு நினைச்சுட்டேதான் போறது. அவர் பேரனைப் பத்திப் பேசுவார், காபி வரும், குடிச்சுட்டு வந்துடறேன்.