பறைக்கு மேடை கிடைத்தது, பறையடிப்பவருக்கு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் வாசலில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி நமது தோழர்கள் ஒரு டாக்குமெண்டரிப் படம் காட்டினார்கள். வாரம் முழுதும் ஒன்றரை ஷிப்டு பார்த்த கண்கள் பாதிப் படத்திலேயே மூடிக்கொள்ளும் என்று நாம் பயந்தோம். நடந்ததோ வேறு. படம் முடிந்த பிறகு எழுந்த வாக்குவாதம், வீட்டுக்காரர் வந்து அதட்டும் வரை ஓயவில்லை.

படம் முனைவென்றி கிராமத்தின் ‘குறிஞ்சி மலர்’ பறைக் குழுவைப் பற்றியது. அமெரிக்காவின் ஓக்லஹாமா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆராய்ச்சியாளர் ஸோயி ஷெரினியன் எடுத்தது, 2011-இல் வெளிவந்தது. ‘இது ஓர் இசை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். இழவு வீட்டு ஊழியக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், கலைஞர்களாகவும் கற்றுக்கொடுக்கும் ஆசான்களாகவும் தலை நிமிர்வதைப் படம் காட்டுகிறது.

பறை இசைதான் என்று படம் எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களில் பறையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். அந்தப் பறையைத் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய குச்சியும் பிடித்து, தாளம் பிசகாமல் மணிக்கணக்கில் அடிப்பவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் வாசலுக்கு வெளியே நிறுத்தியது ஜாதி. கேட்பவன் காதிலே கோளாறு இல்லை; அவன் புத்தியில் ஏற்றி வைத்த ஜாதியில்தான் கோளாறு.

வாக்குவாதத்தைத் துவக்கியவர் பவர் டேபிளில் தைக்கும் ஒரு வாலிபர். “எங்கப்பன் அடிச்சது போதுமுங்க தோழர். அந்தத் தப்பைத் தொடக்கூடாதுன்னுதான் நான் கம்பெனிக்கே வந்தேன். இப்ப அது கலைன்னு சொல்லி மறுபடியும் என் கழுத்துல மாட்டறீங்களா?” என்று கேட்டார். இன்னொருவர் எழுந்து, “தோல் என்னங்க பாவம் பண்ணுச்சு? அடிக்கச் சொல்றவன் மேலதான் கோபப்படோணும்” என்றார். பின்வரிசையில் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு தாயார் சொன்னதுதான் நம்மைக் கட்டிப் போட்டது. “எழவுக்கு வரமாட்டேன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த நாள் காட்டு வேலைக்குக் கூப்பிட ஆளிருக்காது.”

விஷயம் அங்கேதான் இருக்கிறது! பறையை வீசி எறிவதா, பெருமையாக ஏந்துவதா என்று பட்டணத்தில் பலர் வாதிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் கூலிக்கு வழியில்லாதவனுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே கிடையாது. நிலம் வைத்திருப்பவன் கையில் வேலையும் இருக்கிறது, மேய்ச்சலும் இருக்கிறது, நடைபாதையும் இருக்கிறது. அவன் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய ஊழியம் வாங்குவதைக் குற்றம் என்கிறது. 2015-இல் செய்த திருத்தம், ஊர் விலக்கம் செய்வதையும் குற்றம் என்றது. சட்டம் நல்ல சட்டம்தான். போலீஸ் ஸ்டேஷன் வாசல்படி ஏறிய பிறகு அது என்ன ஆகிறது என்பதை நமது விவசாயத் தொழிலாளர்கள் அறிவார்கள்.

பனியன் கம்பெனி ஜாதி பார்ப்பதில்லை என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். கம்பெனிக்கு வேண்டியது பீஸ் கணக்கு. ஆனால் இதே ஜில்லாவில், 2018-இல், அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று கூட்டம் கூடித் தடுத்ததே! ஏற்றுமதி நகரத்திலிருந்து பஸ் ஏறினால் எத்தனை நேரப் பயணம் அது?

இதே ஸோயி ஷெரினியன் திண்டுக்கல் சக்தி கலைக் குழுவைப் பற்றியும் ஒரு படம் எடுத்திருக்கிறார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பறை கட்டி ஆடிப் பழகும் இடம் அது. மில் ஹாஸ்டல்களில் அடைந்து கிடக்கும் நமது சகோதரிகளுக்கு அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். ஹாஸ்டலுக்குள் விடுவார்களா என்பது வேறு சங்கதி.

2025-இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது. மனதார வரவேற்கிறோம். அந்தப் பட்டம், இழவு வீட்டு வாசலில் நிற்கும் தகப்பனுக்கு ஒரு நாற்காலியாவது வாங்கித் தருமா என்று அந்த வாலிபர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பிறரைக் கேட்டது போதும்; நம்மையும் கேட்டுக்கொள்வோம். மே தின ஊர்வலத்தில் முன்னால் போவது யார்? பறைக் குழு. வெயிலில் மூன்று மைல் அடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? ஒரு வருடம் டீயும் பன்னும் கொடுத்து, “தோழர்கள்தானே” என்று சொல்லி அனுப்பி வைத்தோம். பேச்சாளருக்குக் கார் வாடகை கொடுத்தோம். பந்தி நடந்தபோது அவர்கள் கடைசியில் உட்கார்ந்தார்கள். அதை நாம் கவனிக்கக்கூட இல்லை. கூலி கேட்டுப் போராடும் ஸ்தாபனம் கூலி கொடுக்க மறந்தது! வெட்கத்துடன்தான் எழுதுகிறோம்.

எனவே அன்றிரவே சில காரியங்கள் முடிவாயின. இனி நமது ஊர்வலத்தில் பறையடிக்க வருபவர்களுடன் முன்கூட்டியே பேசிக் கூலி நிர்ணயிப்பது; அதை மேடையிலேயே கொடுப்பது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்களுக்கு மனு எழுதித் தருவது. இழவுக்குப் போக மறுக்கும் குடும்பத்துக்கு வேலை நிறுத்தப்பட்டால், அந்தத் தோட்டத்துக்கு யாரும் வேலைக்குப் போகாமல் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடவே நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமானது. கூலிக்குப் போகும் பிற ஜாதி ஏழைகளும் அன்று வீட்டில் உட்கார வேண்டும். அவர்களிடம் இன்னும் நாம் பேசி முடிக்கவில்லை.

அந்த வாலிபர் தம் ஊரிலும் படத்தைக் காட்டச் சொல்கிறார். சேரியில் காட்டினால் தாம் வரமாட்டாராம். ஊர்ப் பொது மந்தையில் காட்ட வேண்டுமாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வருகிற ஞாயிறு மீண்டும் போகிறோம்.