தாத்தா வைத்துவிட்டுப் போன விதை!

ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிட்டார். காரியங்கள் முடிந்தன. பிள்ளைகள் வீட்டை ஒழிக்கிறார்கள். பாத்திரங்களைப் பங்கு போடுகிறார்கள். நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

பரண் மேல் ஒரு பழைய டப்பா இருக்கிறது. திறந்தால், உள்ளே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். பிரித்தால் ஏதோ விதைகள்.

"இது என்ன குப்பை?" என்று தெருவில் கொட்டிவிடுகிறார்கள்.

அந்தக் குப்பையோடு போனது என்ன? அது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவரும் போய்விட்டார்.

இப்படிக் குப்பைக்குப் போகாமல் தப்பிய விதைகளின் கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதைக் கேளுங்கள்.

தேனீக்குக் கூலி

பென்சில்வேனியா மாநிலத்தில் வெஸ்ட் செஸ்டர் என்று ஓர் ஊர். ஹோரஸ் பிப்பின் என்ற ஓவியர் 1888-ல் அங்கே பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போனார். 1918-ல் பிரான்சில் அவருடைய வலது தோளில் குண்டு பாய்ந்தது. கை சரியாகத் தூக்க முடியாமல் போயிற்று.

ஆனாலும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு படம் வரைந்தார். பெரும் புகழ் பெற்றார். கை வலி மட்டும் போகவில்லை.

தேனீ கொட்டினால் வலி குறையும் என்பது அந்தப் பக்கத்து நாட்டு வைத்தியம். (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். சிலருக்குத் தேனீயின் விஷம் உயிருக்கே ஆபத்து.) ரால்ஃப் வீவர் என்பவர் தேனீ வளர்த்து வந்தார். பிப்பின் அவரிடம் போவார். தேனீக்களுக்குக் கையைக் காட்டுவார். காசுக்குப் பதிலாகக் காய்கறி விதைகளைக் கொடுப்பார்.

வீவருக்குத் தோட்டம் என்றால் உயிர். 1932 முதல் பழைய காய்கறி விதைகளைச் சேர்த்து வந்தார். பிப்பின் தந்ததையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மீன் மிளகாய்

அந்த விதைகளில் ஒன்று 'மீன் மிளகாய்'. இலையில் வெள்ளையும் பச்சையும் திட்டுத் திட்டாக இருக்கும். காய் முதலில் பாலேடு போல வெளுத்திருக்கும். பிறகு பச்சைக் கோடு விழும். கடைசியில் சிவப்பாகப் பழுக்கும்.

பால்டிமோர், பிலடெல்பியா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மீனுக்கும் சிப்பிக்கும் வெள்ளைக் குழம்பு வைப்பார்கள். வெளுத்த மிளகாயைப் போட்டால் காரம் ஏறும். குழம்பின் நிறம் மாறாது. அதனால்தான் அந்தப் பெயர்.

கறுப்பின மக்கள் தங்கள் கொல்லைகளில் இதை வளர்த்தார்கள். கைக்குக் கை விதையைக் கொடுத்தார்கள். காலம் மாறியது. மீன் மிளகாய் தோட்டங்களிலிருந்து மறைந்துகொண்டே வந்தது.

1946-ல் பிப்பின் இறந்தார். 1956-ல் வீவரும் இறந்தார். விதை என்ன ஆயிற்று?

பெட்டியின் அடியில்!

வீவர் தம் விதைகளைச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் போட்டு, ஐஸ் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். குழந்தைகளுக்கான உணவு அடைத்து விற்ற புட்டிகள் அவை. அவர் இறந்த பிறகும் பாட்டி அவற்றைத் தூக்கி எறியவில்லை.

ஆண்டுகள் பல ஓடின. பேரன் வில்லியம் வீவர் அந்தப் புட்டிகளைக் கண்டெடுத்தார். "தாத்தாவின் ஞாபகம்" என்று அலமாரியில் அடுக்கி வைக்கவில்லை. மண்ணில் போட்டார். முளை வந்தது! மீன் மிளகாயும் பிழைத்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவில் தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் விதை கொடுத்து வாங்க 1975-ல் ஓர் அமைப்பு தொடங்கியிருந்தது. அதன் மூலம் 1995-ல் மீன் மிளகாய் விதையைப் பிறருக்குக் கொடுத்தார். இன்று அந்த நாட்டு விதைக் கடைகளில் அதை வாங்கலாம்.

காப்பாற்றியது எது?

ஐஸ் பெட்டிதான் காப்பாற்றியது என்று நினைக்கிறீர்களா? பாதிதான் சரி.

பிப்பின் தம் விதையைத் தம் வீட்டிலேயே வைத்திருந்தால், 1946-லேயே கதை முடிந்திருக்கலாம். அவர் கொடுத்தார்; அதனால் விதை வீவர் வீட்டில் வாழ்ந்தது. வீவர் சேர்த்து வைத்தார். பாட்டி எறியாமல் விட்டார். பேரன் விதைத்தார், பிறகு ஊருக்கே கொடுத்தார். இவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் மீன் மிளகாய் இல்லை.

விதை உயிருள்ள பொருள். அது மெல்ல மூச்சு விடுகிறது. ஈரமும் சூடும் அதன் ஆயுளைக் குடிக்கின்றன. வெங்காய விதை ஓரிரு ஆண்டில் சோர்ந்துவிடும். தக்காளி விதை நாலைந்து ஆண்டு தாங்கும். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும், என்றாவது ஒரு நாள் மண்ணில் போட்டுப் புது விதை எடுத்தே ஆகவேண்டும். பூட்டி வைத்த நகை கெடாது. பூட்டி வைத்த விதை செத்துவிடும்.

நம் வீட்டில்?

மிளகாய் நமக்கும் அமெரிக்கக் கண்டம் தந்த கொடைதான். போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் நம் அடுப்படியில் மிளகுதான் காரம். யாரோ கொடுத்த விதையால்தான் இன்று நம் குழம்பு சிவக்கிறது.

நம் பாட்டிமாரும் விதை காத்தவர்களே. முற்றிய பீர்க்கங்காயைக் கொடியிலேயே காயவிட்டார்கள். விதையைச் சாம்பலில் புரட்டினார்கள். வெண்டை நெற்றை அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிட்டார்கள்.

"கடையில் விதை கிடைக்கிறதே?" என்பீர்கள். வாங்குங்கள், குற்றமில்லை. ஆனால் கலப்பின விதையிலிருந்து நீங்கள் விதை எடுத்தால், அடுத்த முறை அதே காய் வராது. டில்லியில் அரசாங்கத்தின் விதைக் களஞ்சியமும் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் விதைகளைக் காக்கிறார்கள். நல்ல பணி. ஆனால் உங்கள் பாட்டி எந்தக் கத்தரிக்காயில் எண்ணெய்க் கத்தரி வைத்தார் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே, பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இந்த விதையின் பெயர் என்ன? யார் கொடுத்தது? எந்தப் பட்டத்தில் போடுவது? கேட்டதைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். ஆண்டையும் எழுதுங்கள். பாட்டி சொல்லட்டும், பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதட்டும்.

நல்ல செடியில் முற்றிப் பழுத்த காயை விதைக்கு விடுங்கள். இரண்டு ரக மிளகாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். விதைக்கு விடும் கிளையில் பூ மலரும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். விதையை நிழலில் நன்றாக உலர்த்துங்கள். காற்றுப் புகாத புட்டியில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஈர விதையை ஐஸில் வைத்தால் உறைந்து செத்துவிடும்.

கடைசியாக ஒன்று. அதில் ஒரு பிடி எடுத்துப் பக்கத்து வீட்டுக்கும், மகள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் கொடுங்கள். உங்கள் கொல்லையில் செடி பட்டுப்போனாலும் அங்கே இருக்கும். கேட்டால் திரும்பி வரும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பரணில் இருக்கும் டப்பாவை இன்றைக்கே இறக்குங்களேன்!