பழைய மர்மத் தொடர்களும் இரவு ஷிப்டும்

தொலைக்காட்சியில் முன்னாளில் வந்த துப்பறியுந் தொடர்களை இன்று கைப்பேசியில் மீண்டுங் காணும் வழக்கம் பெருகிவருதலை அன்பர்கள் அறிவர். இதுபற்றி மூத்தோர் கூறுங் குறை ஒன்றுண்டு. வாரம் ஒருமுறை வந்த கதைக்காக ஆறு நாள் ஏங்கியிருந்ததே அதன் சுவையென்றும், ஓரிரவில் பத்துப் பகுதிகளை விழுங்குவோர்க்கு அச்சுவை எட்டாதென்றும் அவர் கூறுவர். யாம் இதனை முழுதும் உடன்படோம்.

அவர் பெரிதும் எடுத்துக்காட்டுவது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தார் தயாரித்த 'மர்ம தேசம்' ஆகும். 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்த அதன் 'விடாது கருப்பு' என்னுங் கதையில், குற்றஞ்செய்தாரைக் கருப்பசாமியே தண்டிப்பதாக ஊரார் நம்புகின்றனர். தண்டிப்பது தெய்வமோ மனிதனோ என்பதே வினா. (விடையை ஈண்டுக் கூறின் எம்மை நண்பர் மன்னியார்.) கிறிஸ்தவராகிய உமக்கு இக்கதையில் என்ன ஈடுபாடு என்று ஒருவர் கேட்டார். பாவமும் தண்டனையும் எமக்கு அயலான பொருள்களோ?

நிற்க. ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் வரையுள்ள சாலையை நோக்குங்கள். மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் செய்யும் ஆலைகள் அங்கு இரவும் ஓய்வதில்லை. வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பெற்ற மகளிர் விடுதி மட்டுமே 18,720 பேர் தங்கத்தக்கது. தொலைவூர்களினின்று வந்து உழைக்கும் இப்பெண்களிற் பலர்க்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மற்றொரு வாரம் இரவு ஷிப்டு. குறித்த நாளிற் குறித்த நேரத்தில் வருங் கதை இவர்க்கு அடைத்த கதவேயாகும். யூடியூபிற் கிடைக்குங் கதையோ, வேலை முடிந்து வரும் விடியற்காலையிலும் காத்திருக்கின்றது. முன்னாளிற் காத்திருந்தார் பார்ப்போர். இந்நாளிற் காத்திருப்பது கதை.

கூடிப் பேசும் இன்பமும் அழிந்துவிடவில்லை. கம்பெனிப் பேருந்தில் ஒருத்தி எட்டாம் பகுதியை முடித்திருப்பாள்; அருகிலிருப்பவள் மூன்றாவதில் நிற்பாள். முன்னவள் வாயைப் பொத்திக்கொள்ள, பின்னவள் தன் ஊகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவள் முகத்தை ஆராய்வாள். துப்பறிதல் அங்கன்றோ நிகழ்கின்றது!

முடிவறிந்த கதையை மீண்டும் பார்ப்பதேன் என்பாரும் உளர். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லனே என்பதை அறிந்துதான் யாம் கொலைக்களக் காதையைப் படிக்கின்றோம். ஆராயாது ஆணையிட்ட பாண்டியன் சொல் ஒவ்வொரு முறையும் எம்மைத் திடுக்கிடச் செய்கின்றது.

எம்மை உண்மையில் வருத்துவது வேறு. பழைய தொடர் மெதுவாகச் செல்கின்றதென்று ஒன்றரை மடங்கு விரைவில் அதனை ஓட்டிப் பார்க்கின்றனர். 1993இல் தூர்தர்ஷனில் தொடங்கி, 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பான பாசு சட்டர்ஜியின் 'வியோம்கேஷ் பக்ஷி'யில் ஓட்டமுந் துப்பாக்கியும் அரிது. அறையில் அமர்ந்து பேசுதலே மிகுதி. பொய்யுரைப்பான் வாய் திறக்குமுன் சற்றே தயங்குவானாயின், அத்தயக்கமே தடயம். விரைந்து ஓட்டுங்கால் முதலில் மறைவது அஃதே. உறங்க நான்கு மணி நேரமே உடைய ஆலைத் தொழிலாளியை இதற்காகக் கடிய எமக்கு மனமில்லை. மாலை முழுதும் ஓய்விருந்தும் அவ்வாறு ஓட்டும் எம் விடுதி நண்பரைக் கடியாதிருக்கவும் இயலவில்லை.