மீதி எவ்வளவு?



உங்கள் வீட்டுப் பூனையின் எடை என்ன? எடை பார்க்கும் கருவியில் அது ஒரு நிமிடம்கூட நிற்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், பூனையின் எடை வந்துவிடும்.

இதே கணக்கைத்தான் 2005ம் ஆண்டில் விஞ்ஞானிகள் வானத்தில் போட்டனர்.

சூரியனைப் பூமி சுற்றுவதுபோல, மற்ற நட்சத்திரங்களையும் கிரகங்கள் சுற்றுகின்றன. அவற்றில் ஒன்று, எச்.டி. 209458 பி. வியாழனைப் போன்ற ராட்சத வாயுக் கிரகம். தன் நட்சத்திரத்தை மிக நெருங்கிச் சுற்றுவதால் கொதிக்கிறது. அங்கே ஓர் ஆண்டு என்பது மூன்றரை நாள்தான்! நட்சத்திரத்தின் கண்கூசும் ஒளியில், கிரகம் தனியாகத் தெரியவே தெரியாது.

ஆனால், சூடான பொருள் வெப்பத்தை வீசுமே! இஸ்திரிப் பெட்டி ஒளிர்வதில்லை. அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது அல்லவா? அப்படி வரும், கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் அகச்சிவப்புக் கதிர். பூமியின் காற்று அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனால், 2003ல் ஸ்பிட்சர் என்ற தொலைநோக்கியை நாசா விண்வெளிக்கே அனுப்பியது.

கிரகம் நட்சத்திரத்தின் பக்கத்தில் இருந்தபோது, இரண்டின் கதிரையும் சேர்த்து ஸ்பிட்சர் அளந்தது. கிரகம் பின்னால் போய் மறைந்ததும், நட்சத்திரத்தின் கதிரை மட்டும் அளந்தது. கழித்தபோது கிடைத்த மீதி, ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். அந்தத் துளிதான் கிரகத்தின் சொந்த வெப்பம்! அங்கே 700 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடு என்பது அதிலிருந்து தெரிந்தது.

ஸ்பிட்சர் 2020ல் ஓய்வு பெற்றது. 2021ல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் நுட்பமாக அளக்கிறது. கிரகம் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும்போது, கிரகத்தின் காற்று சில கதிர்களை விழுங்கிவிடும். எந்தக் கதிர் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், அங்கே என்ன வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39 பி கிரகத்தில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை, 2022ல் இப்படித்தான் கண்டுபிடித்தனர்.

'கழித்தல்தானே!' என்று அவசரமாகப் போட்டுவிட்டு, சரிபார்க்காமல் நோட்டை மூடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்தில் இரண்டு பங்கைத் தேடும் இடத்தில், அளவு கொஞ்சம் பிசகினாலும் ஒரு கிரகமே காணாமல் போய்விடும். கணக்கில் சின்னது, பெரியது கிடையாது. கவனமாகப் போட்டது, அலட்சியமாகப் போட்டது என்ற இரண்டுதான்.

இன்றைய வீட்டுப் பாடத்தில் கழித்தல் கணக்கு இருக்கிறதா? ஒரு தடவை சரிபார்த்துவிட்டு நோட்டை மூடுங்கள்.